இடது பக்கக் கடிகாரம்

அறிவரசனுக்குச் சதுரங்கம் ஆட வராது. காய்கள் எப்படி நகரும் என்று தெரியும், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு உட்கார்ந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான் ஜெயிக்கும். அப்படியும் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் சிறுவர்களுக்கான, தரப்புள்ளி கிடைக்கிற ரேட்டிங் போட்டி நடத்துகிற யாரும் அவரை விட்டுவிட்டு நடத்தியதில்லை. அவர் ஆர்பிட்டர். ஆடுகிறவர்களுக்கு நடுவே நின்று விதியைப் பார்த்துக்கொள்கிற ஆள்.

நான் அவர் வீட்டுக்குப் போனது அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு. நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, அதையே தொழிலாகச் செய்து வருகிறேன். அதற்கு முந்தைய கதையெல்லாம் அவரும் அவர் மனைவி பூமாலையும் சொன்னதுதான். படுக்கையில் கிடப்பவர்கள் நிறையப் பேசுவார்கள். இவர் கொஞ்சம் வரிசையாகப் பேசினார்.

செந்துறைப் பக்கம் ஒரு ஊரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. இளவயதில் இவர் நல்ல கபடி ஆட்டக்காரர். ஆனால் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று சண்டை வந்தால் அந்தக் காலத்து நடுவர் கோட்டைப் பார்க்கமாட்டார். யார் வீட்டுப் பையன் என்று பார்ப்பார். காலனிப் பையன்கள் தொட்ட கோடு ஒருநாளும் தொட்டதாகக் கணக்கில் வந்ததில்லை. அதற்காக அவர் விளையாட்டை விடவில்லை. படித்து உடற்கல்வி ஆசிரியராகி அரசுப் பள்ளியில் சேர்ந்தார்.

பிறகு ஒரு வருடம், எல்லாப் பள்ளியிலும் சதுரங்கம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தலைமையாசிரியர் பலகைகளையும் காய்களையும் இவர் தலையில் கட்டினார். பிள்ளைகள் தாங்களாகவே ஆடக் கற்றுக்கொண்டார்கள். இவர் விதிகளைப் படித்தார். அதில் கடிகாரத்தைப் பற்றி இருந்த பகுதி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆளுக்கு இவ்வளவு நேரம். தன் நேரம் தீர்ந்தால் தோல்வி. காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். இதில் யார் வீட்டுப் பையன் என்ற கேள்விக்கு இடமே இல்லை. “கடிகாரத்துக்கு நம்ம தெருப் பேரு தெரியாது பாப்பாயம்மா” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

தேர்வு எழுதி ஆர்பிட்டர் ஆனார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தகராறு வந்தால் முதலில் கடிகாரத்தை நிறுத்துவார். இடது பக்கம் என்ன காட்டுகிறது என்று சத்தமாகப் படிப்பார். வலது பக்கம் என்ன என்று சத்தமாகப் படிப்பார். இரண்டு பிள்ளைகளையும் பார்த்து “சரிதானா?” என்று கேட்பார். பிறகுதான் தீர்ப்பு. போட்டி நடத்துகிறவரின் சொந்த மகன் தாமதமாக வந்தபோது, அவன் அப்பா எதிரிலேயே தோல்வி என்று போட்டார். சில அப்பாக்கள் அவரைத் திட்டுவார்கள், ஆனால் அவர் தீர்ப்பை யாரும் சந்தேகப்பட்டதில்லை. “அறிவரசன் சார் சொன்னா முடிஞ்சுது” என்பது இந்தப் பக்கத்துப் பெற்றோர் பேச்சு.

ஓய்வு பெற்ற மறுவருடம் குளியலறையில் விழுந்தார். திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு. இடது கை, இடது கால் போயிற்று. பேச்சு போகவில்லை, நினைவு போகவில்லை. பார்க்க வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு, “சார் பழையபடி ஆயிட்டாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என்னை வேலைக்குப் பேசி ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் பூமாலையையும் என்னையும் தனியே கூப்பிட்டார்.

“கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இடது பக்கத்துல இருக்கறத மூளை கணக்குல எடுக்காது. எதிர்ல சுவர் இருந்தா பாதிச் சுவர்தான் அவருக்குச் சுவர். மீதி இல்லன்னுகூட அவருக்குத் தோணாது. அவரா வந்து உங்ககிட்ட இதச் சொல்லமாட்டாரு. நீங்கதான் அவருக்குச் சொல்லிச் சொல்லித் திருப்பணும். கொஞ்சம் கொஞ்சமா தேறலாம். தேறாமயும் போகலாம்.”

வராந்தாவுக்கு வந்ததும் பூமாலை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, இத அவர்கிட்ட சொல்லிடாதீங்க. கை கால் வந்துடும்னு நம்பிக்கையில இருக்காரு. மூளையில கோளாறுன்னு சொன்னா மனசு விட்டுடுவாரு.”

“சொன்னாத்தாம்மா பயிற்சி குடுக்க முடியும்.”

“பயிற்சி குடுங்க. காரணம் சொல்லாதீங்க.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். நோய் ஒருவருக்கு, அதன் பெயர் மற்ற எல்லோருக்கும். புற்றுநோய் வந்தவருக்கு வயிற்றுப்புண் என்று சொல்லி மூன்று வருடம் ஓட்டிய வீட்டிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

பெரம்பலூர் வீட்டில் அவர் தட்டின் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, “இன்னிக்கு ஏன் சோறு கம்மி?” என்று கேட்பார். பூமாலை ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே தட்டைத் திருப்பி வைப்பார். மீதிப் பாதி வலது பக்கம் வந்துவிடும். அவர் தின்பார். முகத்தில் வலது பக்கம் மட்டும் சவரம் செய்துகொள்வார். சோப்பு நுரையைத் துடைப்பதுபோல் பூமாலை இடது பக்கத்தையும் மழித்துவிடுவார். நிலைப்படியில் இடது தோள் இடித்தால் நிலைப்படி குறுகல் என்று சொல்லப்பட்டது. நான் தினமும், “சார், இடது பக்கம் தலையைத் திருப்புங்க, இன்னும், இன்னும்” என்று சொல்லிப் பயிற்சி கொடுத்தேன். அது கழுத்துக்கு என்று நினைத்துக்கொண்டு அவர் ஒழுங்காகச் செய்தார். கால் பலப்பட்டது. ஊன்றுகோலோடு நடந்தார். வீடு முழுவதும் அவருக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டதால், குறை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த நேரத்தில்தான் அரியலூரிலிருந்து கலைச்செல்வன் போன் செய்தார். அங்கே பிள்ளைகளுக்குச் சதுரங்க வகுப்பு நடத்துகிறவர். ஒரு கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு ரேட்டிங் போட்டி வைத்திருந்தார்.

“சார், நீங்க வந்து நின்னாலே போதும். தலைமை ஆர்பிட்டர் திருச்சியிலேருந்து ஒரு மேடம் வராங்க. நீங்க ஒரு வரிசைய மட்டும் பாத்துக்கிட்டா போதும்.”

போனை வைத்துவிட்டு அறிவரசன் அன்று கூடுதலாக இரண்டு முறை தெருக்கோடி வரை நடந்தார். வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னார்.

நான் சமையலறைக்குப் போய்ப் பூமாலையிடம் சொன்னேன்.

“அம்மா, அனுப்பாதீங்க. அங்க கடிகாரம் பாக்கணும். கடிகாரத்துக்கு ரெண்டு பக்கம்.”

“தெரியும்க்கா.”

“அப்ப அவருக்குச் சொல்லுங்க. சொல்லிட்டு அனுப்புங்க. தெரிஞ்சா தலையைத் திருப்பிப் பாப்பாரு.”

“சொன்னா போவமாட்டாரு. வூட்லயே கெடந்து சாவட்டும்ங்கறீங்களா? ஆறு மாசத்துல இன்னிக்குத்தான் அந்த மொகத்துல களை வந்துருக்கு. ஒரு வரிசைதானாம். புள்ளைங்க ஆட்டம்தான. அந்த மேடம் பாத்துப்பாங்க.”

போட்டியன்று காலை கலைச்செல்வன் கார் அனுப்பினார். வழி முழுக்க சிமென்ட் லாரிகள். அறிவரசன் முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் இறங்கியதும் நான் கலைச்செல்வனைத் தனியே நிறுத்தி, சாருக்கு இடது பக்கம் எதுவும் கவனத்தில் வராது, தனியே நிற்க வைக்க வேண்டாம், கூட ஒருவரைப் போடுங்கள் என்று சொன்னேன்.

“அதான் தெரியுமே. இடது கை வராது. அவரு எப்பவும் வலது கையாலதான் கடிகாரத்த நிறுத்துவாரு, கவலப்படாதீங்க.”

“கை இல்லீங்க, பார்வைக் கவனம். பாதி தெரியாது.”

“நேத்து ராத்திரி போன்ல எனக்கே விதி சொல்லிக்குடுத்தாரு மனுசன். நல்லாத்தான் இருக்காரு. நீங்க மாத்திரைய மட்டும் பாத்துக்குங்க.” அதற்குள் யாரோ மைக் வேலை செய்யவில்லை என்று கூப்பிட, போய்விட்டார்.

சாருக்குச் சுவரோர வரிசையைக் கொடுத்தார்கள். ஒரே பாதை. கடிகாரங்கள் எல்லாம் பாதையைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் காய் ஆடுகிறவர்கள் வலப்புறம், கறுப்பு ஆடுகிறவர்கள் இடப்புறம். கடிகாரத்திலும் அப்படியே. எல்லாம் பழைய கடிகாரங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதல் வினாடி சேரும் போட்டி இல்லை. கொடுத்த நேரம் தீர்ந்தால் அந்தப் பக்கத்தில் பூஜ்யம் வரும். எந்தப் பக்கம் முதலில் தீர்ந்ததோ அதில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி மின்னும், அதைத்தான் கொடி விழுந்தது என்பார்கள். கொடி விழுந்ததை ஆர்பிட்டர் பார்த்தால் உடனே நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பார்க்காவிட்டால், எதிராளி பார்த்துக் கை தூக்கலாம்.

எனக்கு மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். தலைமை ஆர்பிட்டர் பிரவீணாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் வராததுமாக அறிவரசனைக் கும்பிட்டு, “சார் பேரக் கேள்விப்பட்டிருக்கேன்” என்றார். அவர், “போன் எல்லாம் வெளிய வெச்சுட்டாங்களான்னு பாரும்மா” என்றார்.

காலை இரண்டு சுற்றுகள் முடிந்தன. இரண்டிலும் கடைசி நிமிடங்களில் சார் வரிசையில் நடந்து, நின்று, குனிந்து, கடிகாரத்தை நிறுத்தி, “வெள்ளைக்கு நேரம் முடிஞ்சது” என்று சொன்னார். பல பலகைகளில் சொன்னார். குரல் பழைய குரல் என்று பின்னால் நின்ற யாரோ பாராட்டினார்கள். கறுப்புக்கு நேரம் முடிந்த பலகைகளைக் கடந்து போனார். விவரம் தெரிந்த பிள்ளைகள் தாங்களே கை தூக்கிக்கொண்டார்கள், எதிராளியும் ஒத்துக்கொண்டதால் அங்கே தகராறு வரவில்லை. தெரியாதவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள், தங்கள் நேரமும் தீரும்வரை.

இரண்டாம் சுற்று முடிந்ததும் நான் பிரவீணாவைத் தேடிப் போனேன். அடுத்த சுற்றுக்கு யாரோடு யார் என்று கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெற்றோர். “ஒரு நிமிசம்மா” என்றவர் நிமிர்வதற்குள் மணி அடித்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் வருவதாகச் சொன்னார்.

வெளியே பெற்றோர் பேசிக்கொண்டிருந்தது வாசல் வழியாகக் காதில் விழுந்தது.

“அந்தச் சுவத்தோரம் போட்டா வெள்ளைக் காய் மட்டும் வாங்கிடக் கூடாதுப்பா. சாருக்கு வெள்ளைன்னாலே ஆகாது போல.”

“வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வெள்ளைக்கு எதிரியாய்யா?”

சிரித்தார்கள். யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. சொன்னது அறிவரசன் சார்.

மூன்றாம் சுற்றில் லப்பைக்குடிக்காட்டுப் பிள்ளை சமீஹா வெள்ளைக் காயோடு உட்கார்ந்தாள். பத்து வயது. அத்தா துபாயில். அம்மாதான் பஸ்ஸில் கூட்டிவந்திருந்தார். எதிரே சுரேஷ்குமார் என்பவரின் பையன். இரண்டு பேரும் நன்றாகத்தான் ஆடினார்கள் போலிருக்கிறது. மற்ற பலகைகள் முடிந்தும் இவர்களுடையது முடியவில்லை. சார் பக்கத்தில் போய் நின்றார்.

பையனுக்கு முதலில் நேரம் தீர்ந்தது. பலகையிலேயே கண்ணாக இருந்த சமீஹா அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மேடையிலிருந்தே அந்தச் சிவப்புக் கொடி தெரிந்தது. எழுந்து பிரவீணாவிடம் போனேன். அவர் மண்டபத்தின் மறுகோடியில் இருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் சமீஹாவின் நேரமும் தீர்ந்து, சார் குனிந்து கடிகாரத்தை நிறுத்திவிட்டார்.

“வெள்ளைக்கு நேரம் முடிஞ்சது. கறுப்பு வெற்றி.”

இரண்டு பக்கத்தையும் படிக்கவில்லை. ஒரு பக்கத்தைத்தான் படித்தார். இரண்டையும் படித்துவிட்டதாக அவர் நினைத்தார்.

சமீஹா கடிகாரத்தைப் பார்த்தாள். “சார், அவனுக்குத்தான் மொதல்ல போச்சு. கொடி அங்கதான் இருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். “எங்க இருக்கு? அவனுக்கு நேரம் இருக்கு.”

“இல்ல சார். பூஜ்யம்.”

“பாப்பா, தோத்தா ஒத்துக்கணும். பொய் சொல்லக் கூடாது.”

அந்தப் பிள்ளை பயந்துபோய் எதிரே இருந்த பையனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ராஜாக் காயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“சார் சொல்லிட்டாருல்ல, அப்பறம் என்ன வாதம்?” என்றார் சுரேஷ்குமார்.

“எம் புள்ள பொய் சொல்லாதுங்க” என்றார் சமீஹாவின் அம்மா. உள்ளே வரக்கூடாது என்பதால் வாசற்படியிலேயே நின்றார்.

“எல்லாத் தாயும் அப்டித்தாம்மா சொல்லும். அறிவரசன் சார் தப்பாச் சொல்லி நாங்க பாத்ததில்ல” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

பிரவீணா வந்து கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பூஜ்யம், இடது பக்கத்தில் கொடி. அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, “சார், இடது பக்கம் கொடி இருக்கு” என்றார்.

“இல்லம்மா.”

பிரவீணா கடிகாரத்தை எடுத்து அவருக்கு நேராக வைத்தார். பிறகு வலப்புறமாக இன்னும் தள்ளி வைத்தார். அவர் பொறுமையாகப் பார்த்தார். “வெள்ளைக்குப் பூஜ்யம். அவ்வளவுதான் இருக்கு.”

அப்போது சமீஹா, அழுகையோடு, தன் உள்ளங்கையை வைத்துத் தன் பக்கத்துப் பூஜ்யத்தை மூடினாள்.

“என்னோடதப் பாக்காதீங்க சார். அவனோடதப் பாருங்க.”

அறிவரசன் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது.

“இது எப்ப விழுந்துச்சு?”

“மொதல்லயே விழுந்துச்சு சார்.”

“கைய எடு.”

எடுத்தாள். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வலது பக்கம் கண்ணில் பட்டதும் கொடி போய்விட்டது.

“வை.”

வைத்தாள். கொடி வந்தது. பிறகு அவரே ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு, தன் வலது கையால் மூடினார். எடுத்தார். மூடினார். எடுத்தார். பக்கவாதம் வந்த அன்றுகூட அவர் இவ்வளவு பயந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அன்று அவர் மயங்கிவிட்டார்.

பிரவீணா பிள்ளைகளிடம், “கறுப்புக்கு முதல்ல நேரம் முடிஞ்சிருக்கு. வெள்ளை வெற்றி” என்று சொல்லி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். சுரேஷ்குமார் கத்த ஆரம்பித்து, கடிகாரத்தைக் காட்டியதும் அடங்கினார். சமீஹா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா யாரையும் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைத் துடைத்தார்.

நான் சாரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். நாடி வேகமாக அடித்தது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“பிரவீணாம்மா, அப்ப காலையிலேருந்து?”

பிரவீணா கையிலிருந்த முடிவுத் தாள்களை அடுக்கினார்.

“காலையிலேருந்து நான் சொன்னதெல்லாம்? அந்த ரெண்டு சுத்தையும் திருப்பு. அந்தப் பிள்ளைங்களக் கூப்பிடு.”

“முடியாதுங்க சார். முடிவுல கையெழுத்துப் போட்டாச்சு. அடுத்த சுத்தும் ஆடியாச்சு. கடிகாரத்தையெல்லாம் திரும்ப வெச்சாச்சு. எதுல எது மொதல்ல விழுந்துச்சுன்னு இப்ப யாருக்கும் தெரியாது.”

அதுதான் விதி. வேறு யாராவது திருப்பச் சொல்லியிருந்தால் அவரே இதைத்தான் சொல்லியிருப்பார்.

“என்னய மாதிரி ஆள ஹால்ல விடலாமா?” என்று கேட்டார்.

“சார்…”

“சொல்லும்மா.”

“விடக் கூடாதுங்க சார்.”

“அப்ப எம் பேர எடுத்துடு” என்று சொல்லிவிட்டு, கழுத்தில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நிலைப்படியில் நின்றபடியே பூமாலையிடம் கேட்டார்.

“ஒனக்குத் தெரியுமா?”

பூமாலை என்னைப் பார்த்தார். பிறகு, “டாக்டர் சொன்னாரு” என்றார்.

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க எந்திரிச்சிருக்க மாட்டீங்க. அந்தக் காலு நடந்திருக்குமா?”

“நடந்து? நடந்து எங்க போனேன்? பச்சப் புள்ளைய நிக்க வெச்சுப் பொய்க்காரின்னு சொன்னேன்டி.”

அன்று சாப்பாட்டுத் தட்டை அவரே திருப்பினார். பாதி சோறு மறுபடி வந்ததைப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டார். என்னிடம், “பாப்பாயம்மா, இனிமே டாக்டர் என்ன சொன்னாலும் எனக்குச் சொல்லணும். எவ்வளவு கெட்டதா இருந்தாலும்” என்றார். சரி என்றேன்.

கை தூக்காமல் காலையில் தோற்ற பிள்ளைகளில் ஒருவனை அவருக்கு நினைவிருந்தது. இரண்டு சுற்றிலும் வெள்ளைக் காய் விழுந்து, இரண்டிலும் சுவரோரமாகவே உட்கார்ந்து, இரண்டிலும் நேரத்தில் தோற்ற ஜெயங்கொண்டத்துப் பையன் மகேஷ். கலைச்செல்வனிடம் முகவரி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். முந்திரிக் கொட்டை உடைக்கும் இடத்தில் அவன் அப்பா வேலை பார்த்தார். கைகளெல்லாம் முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தன. அவசரமாக ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

அறிவரசன் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னார்.

“அட விடுங்க சார்” என்றார் அப்பா. “அவன் அத விட்டுட்டான். ரெண்டு ஆட்டமும் டைம்ல தோத்துட்டு வந்தானா, வேகம் பத்தாத பயலுக்கு எதுக்கு இதுன்னு நாந்தான் வகுப்ப நிறுத்திட்டேன். இப்ப டியூசன் போறான்.”

“அவன் தோக்கல. தோக்காம இருந்திருக்கலாம்.”

“இருக்கட்டும் சார். இந்த ஒடம்போட இதுக்குன்னு வந்தீங்களே.”

பையன் கதவோரம் நின்றான். சார் அவனைக் கூப்பிட்டு, “அவனோட கொடி விழுந்துச்சா அன்னிக்கு? நீ பாத்தியா?” என்று கேட்டார்.

“பாத்தேன் சார்.”

“ஏன் கை தூக்கல?”

“நீங்க பக்கத்துல நின்னீங்க. நீங்க ஒண்ணும் சொல்லல. அதனால எனக்குத்தான் தப்பாத் தெரியுதுன்னு நெனச்சேன்.”

திரும்பும் வழியில், மற்ற பிள்ளைகளைத் தேடிப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை. முடியாமல் இல்லை. “எங்க போவணும்?” என்று கேட்பார். தலையைத் திருப்பும் பயிற்சியை மட்டும் விடாமல் செய்தார். காரணம் தெரிந்து செய்தும் அதில் பெரிய முன்னேற்றம் இல்லை. கலைச்செல்வன் பரிசு கொடுக்க விருந்தினராகக் கூப்பிட வந்தார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிரவீணா போன் செய்தார். உடம்பை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். பூமாலை பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: “அந்தப் புள்ள கைய வெச்சு மூடாம இருந்திருந்தா இவரு இன்னும் நடந்துக்கிட்டு இருந்திருப்பாரு.” நான், “அந்தப் புள்ள என்ன செய்யும்மா?” என்றேன். கெட்ட மனுஷி இல்லை.

படுத்துக் கிடக்கும் உடம்பு சும்மா இருக்காது. சளி கட்டியது, முதுகில் புண் வரப் பார்த்தது, ரத்த அழுத்தம் ஏறியது. திருச்சிக்குக் கொண்டுபோய் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். மூளைக்குப் போகும் குழாயில் இன்னொரு அடைப்பு வளர்ந்திருந்தது. திறந்து எடுக்கும் நிலையில் உடம்பு இல்லை. இன்னொரு தடவை வரும், வந்தால் தாங்காது, எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதே வராந்தாவில் பூமாலை அதே மாதிரி என் கையைப் பிடித்தார். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

மறுநாள் பூமாலை கடைக்குப் போயிருந்தபோது சார் கேட்டார்.

“என்ன சொன்னாரு டாக்டர்?”

சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“பூமாலைக்குத் தெரியுமா?”

“அவங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னாரு.”

“எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம்” என்றார்.

“ஏன் சார்? நீங்கதான் எல்லாத்தையும் சொல்லணும்னு சொன்னீங்க.”

“என்கிட்ட மறைக்கிற வேல ஒண்ணு இருக்கு அவளுக்கு. அதுலதான் நிமிந்து நிக்கறா. அதையும் புடுங்கிட்டா ஒக்காந்துடுவா.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பூமாலை பையோடு உள்ளே வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பை ஏற்றி வைத்திருந்தார்.

“ஸ்கேன்ல எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு டாக்டரு. சொல்ல மறந்துட்டேன் பாருங்க. கொஞ்சம் மனசு வெச்சா நடந்துடலாமாம்.”

“அப்டியா? நல்லது” என்றார் அறிவரசன். “நாளைக்கு நடந்து பாக்கறேன்.”

நான் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் ஆகியிருந்தது. முதுகுக்குத் தடவும் பவுடரை எடுக்க எழுந்தேன்.